மைனஸ் நாற்பதுக்கு ஒரு பொன்னாடை

ஜனவரி மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை, பின்னேரம் நான்கு மணிக்கு, மனித குலத்துக்கும் குளிருக்கும் இடையே தொன்றுதொட்டு இருந்துவந்த பகை ஸ்காபரோவின் மோர்னிங்சைட்டில் வைத்துத் தீர்த்துவைக்கப்பட்டது. நான்கு மணி என்பது அழைப்பிதழில் இருந்த நேரம். தமிழ் நிகழ்வு என்றபடியால் பகை சற்றுப் பிந்தித் தீர்ந்தது.

தீர்த்துவைத்தவர் சச்சிதானந்தன். 'துருவம் பொலிமேர்ஸ்' நிறுவனத்தின் தர முகாமையாளர். குளிரை வென்ற அன்று அவர் கோட்டுக்குள் ஸ்வெட்டரும், ஸ்வெட்டருக்குள் இரண்டு பெனியனும் போட்டிருந்தார். எதிரியை அவர் ஒருநாளும் குறைத்து மதிப்பிட்டதில்லை.

துருவம் பொலிமேர்ஸ் ஆரம்பத்தில் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டுச் செய்தது. நல்ல தட்டு. அயல் நகரங்களான அஜக்ஸ், விட்பி வரைக்கும் அந்தத் தட்டில் இடியப்பம் அவிந்தது. பிறகு நிறுவனம் தன் 'தொலைநோக்கை' விரித்தது. விரித்துப் பார்த்தபோது தூரத்தில் ஒரு றைபிள் மகசின் தெரிந்தது.

மகசின் என்றால் கதை கவிதை வருவது அல்ல. துவக்கின் வயிற்றில் செருகுகிற சின்னப் பெட்டி. அதற்குள் ரவைகளை, அதாவது தோட்டாக்களை, அடுக்குவார்கள். அடியில் ஒரு சுருள்வில் இருக்கும். அது ரவைகளை ஒவ்வொன்றாக மேலே தள்ளும். வாயில் இரண்டு உதடுகள் இருக்கும். அவை ரவை பாய்ந்து வெளியே வராமல் பிடித்துக்கொள்ளும். இரும்பில் செய்தால் பாரம். பிளாஸ்டிக்கில் செய்தால் இலேசு. நாட்டின் வடக்கு அந்தத்தில், பனிக்கரடி திரிகிற இடத்தில், ஆராய்ச்சிக்காரர்களுக்குக் காவல் நிற்கிறவர்களுக்கு இலேசான மகசின் தேவைப்பட்டது. இடியப்பத் தட்டுக்காரர்கள் கை உயர்த்தினார்கள்.

குறுக்கே நின்றது குளிர் ஒன்றுதான். நிரூபாவையும் சேர்த்தால் இரண்டு.

நிரூபா பொலிமர் படித்த பிள்ளை. ஸ்காபரோவில் பிறந்தவள். நிறுவனத்தின் சோதனைப் பொறியியலாளர். அவளுக்கு எதையும் போட்டு உடைத்துப் பார்க்கிற குணம் இருந்தது. இடியப்பத் தட்டுக் காலத்தில் இந்தக் குணம் யாருக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்திய திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று விளக்கினாள்.

"கடுங்குளிரில பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி, அங்கிள். கையில இருந்து நழுவி விழுந்தால் முதலில உடையிறது அந்த ரெண்டு உதடும்தான். உதடு போனால் ரவை ஒழுங்கா ஏறாது. துவக்கு வெடிக்காது."

"பிள்ளை, முதல்ல அந்த 'போனால்' எண்ட சொல்லை விடும்," என்றார் சச்சிதானந்தன். அவர் அஜக்ஸ் ஹோட்டல் ஒன்றில் இரண்டு நாள் 'தலைமைத்துவப் பட்டறை'க்குப் போய்வந்தவர். போவதற்கு முன்பு அவரும் 'போனால்', 'உடைந்தால்' என்றெல்லாம் பேசிக்கொண்டு திரிந்தவர்தான். வந்த பிறகு அவருடைய மேசைக்கு மேலே ஒரு பதாகை தொங்கியது: 'குளிர் என்பது ஒரு மனநிலை.' பதாகைக்குக் கீழே ஒரு ஹீட்டர் இருந்தது.

"சரி, அங்கிள். டெஸ்ட் சிம்பிள். ரவை நிரப்பின மகசினை ஒரு நாள் முழுக்க மைனஸ் நாப்பதில வைக்கிறம். கதவைத் திறந்து எடுத்த உடனே கொங்கிரீட்டில போடுறம். அவ்வளவுதான்."

"எடுத்த உடனேயோ?"

"ஓம். உடனே. சூடு ஏற விட்டால் பிறகு அது டெஸ்ட் இல்லை."

சச்சிதானந்தன் கண்ணாடியைக் கழற்றினார். பெரிய முடிவுகளை அவர் கண்ணாடி இல்லாமல்தான் எடுப்பார்.

"பிள்ளை, இதைச் சனிக்கிழமை வெளியீட்டு விழாவில செய்வம். அண்டைக்குச் சனம் வருது. பிரதம விருந்தினர் வாறார். வந்த சனத்துக்கு ஒரு வணக்கம் சொல்லாமல், ஒரு விளக்குக் கொளுத்தாமல், எடுத்த எடுப்பில சாமானைத் தூக்கி நிலத்தில போட்டால் என்ன நினைப்பினம்? கோபத்தில எறியிறம் எண்டெல்லோ நினைப்பினம்?"

"அங்கிள், இது டெஸ்ட்."

"டெஸ்ட்தான். ஆனால் எங்கட டெஸ்ட்."

இப்படியாகச் சோதனையும் வெளியீட்டு விழாவும் ஒன்றாக்கப்பட்டன. கூட்டக் குறிப்பில் இது 'பண்பாடு சார்ந்த தர உறுதிப்பாடு' என்று பதியப்பட்டது. உலகத்தில் வேறு எந்த ஆய்வுகூடத்திலும் இப்படி ஒன்று கிடையாது. மற்றவர்கள் வெறுமனே சோதித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கீதன் வந்தான். சச்சிதானந்தனின் மனைவி பேபியின் தம்பி. முன்பு கொண்டோ அடுக்குமாடி வாசலில் செக்யூரிட்டி பார்த்தவன். இப்போது வடக்கே கரடிக் காவல். அதே வேலைதான், வாசல் மட்டும் இல்லை என்று சொல்லுவான். லீவில் வந்திருந்தான். ஞாயிறு விடிய அவனுக்கு பிளேன்.

பேபி அவனுக்குப் புட்டும் மீன்குழம்பும் போட்டாள். போட்டுக்கொண்டே கேட்டாள்.

"பழைய இரும்பு மகசினுக்கு என்ன நடந்தது? அது நல்லாத்தானே இருந்தது?"

"காம்ப்காரர் எல்லாத்தையும் திருப்பி எடுத்திட்டினம், அக்கா. புதுசு வருதெண்டு."

"எந்தப் புதுசு?"

"அத்தான்ர புதுசு."

பேபியின் அகப்பை குழம்புச் சட்டிக்குள்ளேயே நின்றது. அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

"நீங்கள் செய்த சாமானை வைச்சோ இவன் கரடிக்கு முன்னால நிக்கப்போறான்?"

"நான் செய்யேல்லை. மெஷின் செய்யுது. நான் தரத்தைப் பாக்கிறன்."

"உவர் ரீவி ரிமோட்டுக்கு பற்றரி போட்டால் ரீவியே ஓடாது, தம்பி," என்றாள் பேபி. "உவர் பாத்த தரமோ?"

கீதன் சிரித்தான். அவனுக்குச் சிரிப்பு இலகுவாக வரும். "கரடி என்ன, ஒண்டு ரெண்டுதானக்கா வரும். மகசினில அஞ்சு ரவை இருக்கு. முதலாவது ஒழுங்கா ஏறினால் காணும்."

"ஏறாட்டில்?"

"ஏறாட்டில் கரடிக்குப் புட்டு."

பேபி அகப்பையால் அவன் தோளில் ஒன்று வைத்தாள். சச்சிதானந்தன் இதில் கலந்துகொள்ளவில்லை. அவர் வரவேற்புரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். அவரைப் பொறுத்தவரை கீதனின் உயிர் ஏற்கெனவே பாதுகாப்பாக இருந்தது. நிகழ்ச்சி நிரலில் அது ஆறாவதாக இருந்தது.

சனிக்கிழமை தொழிற்சாலையின் பின்பகுதியே மண்டபமானது. பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு இயந்திரங்களுக்கு மேலே மஞ்சள் துணி போர்த்தினார்கள். நூறு கதிரை. வாசலில் சந்தனம், குங்குமம், கற்கண்டு. ஒரு மூலையில் ஆளுயரக் குளிர்ப்பெட்டி நின்றது. அதற்கும் மாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் நிரூபா தடித்த கையுறையோடு நின்றாள். அவளுக்கும் மாலை போட வந்தார்கள். அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

அறிவிப்பாளர் றொய்சன். வானொலிக் குரல். "காலத்தையும் குளிரையும் வென்று நிற்கின்ற இந்த மாபெரும் பொழுதிலே..." என்று தொடங்கினார். வெளியே உண்மையாகவே மைனஸ் இருபத்தைந்து. கார் தரிப்பிடத்தில் இருந்து வந்தவர்கள் இரண்டு நிமிடம் பேச முடியாமல் வாயைத் திறந்து மூடினார்கள். மண்டபத்துக்குள் நல்ல சூடு. சச்சிதானந்தன் ஹீட்டரைக் கூட்டிவைக்கச் சொல்லியிருந்தார். விருந்தினருக்குக் குளிரக் கூடாது.

முதலாவது நிகழ்ச்சியாக மகசினை வெளியே எடுத்தார்கள்.

நிரூபா குளிர்ப்பெட்டியின் கதவைத் திறந்தாள். வெள்ளைப் புகை வந்தது. சனம் "ஆ" என்றது. அவள் மகசினைக் கையில் எடுத்து, கொங்கிரீட்டைப் பார்த்து, கையை உயர்த்தினாள்.

"பிள்ளை! பிள்ளை!" சச்சிதானந்தன் ஓடிவந்தார். "பொறும்! தாம்பாளத்தில வையும்!"

மகசின் தாம்பாளத்தில் வைக்கப்பட்டது. சுற்றிவரச் செவ்வந்திப் பூ. நாதஸ்வர இசைத்தட்டு ஒலிக்க, இரண்டு பெண் பிள்ளைகள் அதை மேடைக்குக் கொண்டுபோனார்கள். குத்துவிளக்குக்குப் பக்கத்தில், அழகாகத் தெரியட்டும் என்று நன்றாக நெருக்கி வைத்தார்கள். நிரூபா அதன் பக்கவாட்டில் ஒரு வெப்பமானிக் கம்பியை ஒட்டியிருந்தாள். அதைக் கழற்றச் சொன்னார்கள். புகைப்படத்துக்கு வடிவில்லையாம். அவள் கழற்றவில்லை.

மங்கல விளக்கை ஐந்து பேர் ஏற்றினார்கள். ஐந்தாவது திரி பிடிக்க மறுத்தது. நெய் விட்டார்கள். பிடித்தது.

"அங்கிள், மைனஸ் இருபத்தெட்டு," என்றாள் நிரூபா, மேடை ஓரத்தில் நின்று, மெதுவாக.

"பிறகு, பிறகு."

நாட்டுப் பண் பாடினார்கள். தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடினார்கள். இந்த நிலத்தின் ஆதிக் குடிகளுக்கு நன்றி சொன்னார்கள். மாண்டவர்களுக்கு அகவணக்கம் செலுத்தினார்கள். அகவணக்கத்தை யாரும் குறை சொல்ல முடியாது. இந்தக் கதையும் சொல்லாது. அந்த நேரத்தில் மண்டபத்தில் எல்லாமே அசையாமல் நின்றன, வெப்பமானியைத் தவிர.

மகசினின் மேல் படிந்திருந்த உறைபனி கரையத் தொடங்கியது. துளித்துளியாகத் தாம்பாளத்தில் சொட்டியது. முன்வரிசையில் ஒரு அம்மா அதை விரலால் காட்டினார். றொய்சன் ஒரு கணமும் தடுமாறவில்லை. கைதேர்ந்த அறிவிப்பாளர் அவர்.

"பாருங்கள், அன்பானவர்களே! பிறந்த மேடையிலேயே ஆனந்தக் கண்ணீர்!"

கைதட்டினார்கள்.

வரவேற்புரையைச் சச்சிதானந்தன் பார்க்காமலேயே பேசினார். ஒரு இடத்தில் மறந்துபோய்த் தொடக்கத்துக்குப் போய்த் திரும்பி வந்தார். பிறகு பிரதம விருந்தினர் அமிர்தநாதர் பேச எழுந்தார். அவர் எட்டுச் சங்கங்களின் முன்னாள் தலைவர். மகசின் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் பேச்சை நிறுத்துவதற்கு அவரிடம் காரணம் எதுவும் இருக்கவில்லை.

"நான் இந்த நாட்டுக்கு வரேக்க காலில வெறும் செருப்பு," என்றார். "விமான நிலையத்தாலை வெளிய வந்தன். கீழ பாத்தன். வெள்ளையாக் கிடந்தது. உப்பு எண்டு நினைச்சன்."

சனம் சிரித்தது. இந்தக் கதையை அவர்கள் எட்டுச் சங்கங்களிலும் கேட்டவர்கள். ஆனாலும் சிரித்தார்கள். ஒவ்வொருவரிடமும் அப்படி ஒரு செருப்பு இருந்தது.

மண்டபத்தில் மகசினைப் பற்றி ஊரிலேயே நன்றாகத் தெரிந்துகொண்டு வந்தவர்கள் சிலரும் இருந்தார்கள். அவர்கள் தெரியாதவர்கள் போல மேலே முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேச்சின் முடிவில் அமிர்தநாதருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மண்டபம் எழுந்து கைதட்டியது. அந்த நெகிழ்ச்சியில் அமிர்தநாதர் பொன்னாடையைத் தன் தோளில் இருந்து எடுத்தார்.

"இந்தப் பெருமை எனக்கில்லை. இவருக்கு," என்று சொல்லி மகசினைப் போர்த்தினார்.

மகசின் தாம்பாளத்தில், பூக்களுக்கு நடுவே, விளக்குக்குப் பக்கத்தில், சரிகைக்குள் கிடந்தது. அத்தனை சுகமாக எந்த மகசினும் இந்த உலகத்தில் கிடந்ததில்லை.

"அங்கிள், ப்ளஸ் முப்பது!" நிரூபாவின் குரல் இப்போது மெதுவாக இல்லை.

சச்சிதானந்தனின் முகம் மலர்ந்தது. "பாத்தீரோ? மைனஸில தொடங்கினம். பிளஸுக்கு வந்திட்டம்."

"அங்கிள், அது நல்லது இல்லை. இதைப் போட்டால் அர்த்தமே இல்லை. குளிர்ப்பெட்டிக்குள்ள இன்னும் நாலு கிடக்கு. அதில ஒண்டை எடுத்து உடனே போடுவம். ரெண்டு செக்கன்தான்."

"பிள்ளை, அந்த நாலுக்கும் பூசை நடக்கேல்லை. நீர் கொஞ்சம் பொசிட்டிவா நில்லும்."

அவர் பொன்னாடையை விலக்கினார். மகசினை இரண்டு கையாலும் எடுத்தார். அது இளஞ்சூடாக இருந்தது. நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினார். றொய்சன் ஐந்தில் இருந்து கீழ்நோக்கி எண்ணினார். சச்சிதானந்தன் கைகளை விட்டார்.

டொக்.

மகசின் விழுந்தது. ஒருமுறை துள்ளியது. கிடந்தது. ஒரு கீறல் இல்லை. சோதனைக்காகப் போட்ட, வெடிக்காத டம்மி ரவைகள் அசையாமல் உள்ளே இருந்தன.

குளிர் தோற்றது.

கைதட்டலில் பேபியின் கை சேரவில்லை. அவள் மூன்றாவது வரிசையில் இருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது மகசினை அல்ல, நிரூபாவின் முகத்தை.

நிகழ்ச்சி ஆறு: கையளிப்பு. புதிய மகசின்கள் அடுக்கிய பெட்டியைச் சச்சிதானந்தன் மேடையில் வைத்துக் கீதனிடம் கொடுத்தார். 'மைனஸ் நாற்பதிலும் நம்பிக்கை' என்று பெட்டியில் அச்சடித்திருந்தது. இரண்டு பேரும் சிரித்துப் படம் எடுத்தார்கள். கீதனின் சிரிப்பு வழக்கம்போல இருந்தது. கண் மட்டும் தாம்பாளத்தில் தேங்கியிருந்த தண்ணீரில் நின்றது.

பிறகு சிற்றுண்டியாக றோல்ஸ் வந்தது. பற்றிஸ் வந்தது. தேத்தண்ணி வந்தது. தர உறுதிப்பாட்டின் மிகக் கடினமான கட்டம் இது. எல்லோரும் ஒத்துழைத்தார்கள்.

அப்போது குளிர்ப்பெட்டியின் கதவு திறந்த சத்தம் கேட்டது.

நிரூபாதான். ஒரு மகசினை எடுத்தாள். திரும்பினாள். கையை விட்டாள்.

சத்தம் சின்னது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. ஒரு உதடு முறிந்து சுவரோரம் போனது. மற்றது இரண்டாகப் பிளந்தது. சுருள்வில் துள்ளி மேசைக்கு மேலால் போனது. டம்மி ரவைகள் கதிரைகளுக்குக் கீழே உருண்டன. ஒன்று அமிர்தநாதரின் சப்பாத்தில் முட்டி நின்றது.

அவர் கையில் றோல்ஸோடு குனிந்து பார்த்தார்.

"சச்சி, இதுவும் நிகழ்ச்சியோ?"

"இல்லை ஐயா. இது நிரலில இல்லை."

"அதுதானே பாத்தன்." அமிர்தநாதர் நிம்மதியாக றோல்ஸைக் கடித்தார்.

சச்சிதானந்தன் நிதானம் இழக்கவில்லை. பட்டறையில் இதற்கென்றே ஒரு பின்னேரம் ஒதுக்கியிருந்தார்கள். அவர் இரண்டு கைகளையும் விரித்தார்.

"ஒருத்தரும் பதற வேண்டாம். இது தோல்வி இல்லை. இது ஒரு 'கற்றல் வாய்ப்பு'."

"ஆருக்கு அத்தான் வாய்ப்பு?" கீதன் மேடைக்குக் கிட்ட வந்தான். "எனக்கோ, கரடிக்கோ?"

சிலர் சிரித்தார்கள். பேபி சிரிக்கவில்லை. அவள் எழுந்து வந்து தம்பிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இது ஒண்டு மட்டும் விதிவிலக்கு," என்றார் சச்சிதானந்தன்.

"இன்னும் மூண்டு விதிவிலக்கு உள்ளுக்க கிடக்கு, அங்கிள்," என்றாள் நிரூபா. "போடட்டோ?"

"வேண்டாம். சாமானை வீணாக்கக் கூடாது." அவர் கீதனின் தோளில் கைபோட்டு, ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார். றொய்சன் ஒலிவாங்கியை நிறுத்தாமல் அந்தப் பக்கத்து மேசையில்தான் வைத்துவிட்டு றோல்ஸ் எடுக்கப் போயிருந்தார். "தம்பி, இது சின்ன விசயம். மகசினை ஜக்கெற்றுக்குள்ள, நெஞ்சோட வைச்சிரு. சூடா இருக்கும். சூடா இருந்தால் உடையாது. நீயே பாத்தனி."

"நெஞ்சுக்குள்ள வைச்சால் வேர்க்கும், அத்தான். வெளிய எடுத்தால் வேர்வை ஐஸ் ஆகும். ஐஸ் பிடிச்சால் வில் தள்ளாது. ரவை ஏறாது."

"அப்ப வெளியாலயே வைச்சிரு."

"வெளிய வைச்சால் இப்ப விழுந்த மாதிரி."

சச்சிதானந்தன் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப விழவிடாமல் வைச்சிரு."

"கரடி வரேக்கயோ?"

"எல்லாம் மனநிலைதான், தம்பி. நான் சொல்லுறன், எனக்கு இந்த மகசினில நூறு வீதம் நம்பிக்கை. என்ர சொந்தப் பிள்ளையளின்ர கையில குடுக்கிற மாதிரித்தான் உன்ர கையில தந்தனான்."

ஒலிபெருக்கி இதையெல்லாம் வஞ்சகம் இல்லாமல் மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. கடிக்கிற சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றன. முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கீழே பார்த்தார்கள். அமிர்தநாதர் தன் சப்பாத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

கீதன் பெட்டியைத் திறந்தான். ஒரு மகசினை எடுத்தான். அதைச் சச்சிதானந்தனின் கையில் வைத்து, அவருடைய விரல்களைத் தன் கையாலேயே பக்குவமாக மூடினான். அவன் இன்னமும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

"நல்லது அத்தான். பிளேனில எனக்குப் பக்கத்துச் சீட் சும்மாதான் கிடக்கு. துவக்கை நான் பிடிக்கிறன், மகசினை நீங்கள் பிடியுங்கோ. விடிய நாலு மணிக்கு வந்து ஏத்தட்டோ?"